மரக்கூண்டும் மெய்ம்மையும்

சிங்கப்பூரில் டோபி காட் எனப்படும் இடத்தில் இன்று டோபிகளும் இல்லை, துவைதுறையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அவ்வழியே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்தனர். அருகிருந்த புல்வெளியில் உலர்த்தினர். ஓடை பின்னாளில் கால்வாயாயிற்று. கால்வாயின் மேலும் பெரும்பகுதி மூடப்பட்டது. புல்வெளி கட்டடங்களுக்கு இடமளித்தது. 1987இல் அங்கே பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டபோது பழைய பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. 2003இலும் 2010இலும் வேறு இரு தடங்கள் அந்நிலையத்தில் வந்து இணைந்தன. நாள்தோறும் அப்பெயரைச் சொல்லி ஏறியிறங்கும் மக்களுள் ஒருவரேனும், "பெயருக்குரிய உடல் போய்விட்டதே, பெயர் மட்டும் எப்படி நிற்கிறது?" என்று வினவுவதில்லை. இடத்தைப் பற்றி எழாத இவ்வினா, ஒரு பழைய மோட்டார் காரைப் பற்றி மட்டும் கடுமையாக எழுகின்றது. அறமன்றம் வரைக்கும் சென்றிருக்கின்றது. ஏன் அவ்வாறு எழுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பது பயனற்ற வேலையன்று.

டோபி காட்டை ஒட்டிய ஆர்ச்சர்ட் சாலை ஒருகாலத்தில் மோட்டார் வண்டிகளின் கடைத்தெருவாக விளங்கியது. 1896இல் காட்ஸ் சகோதரர் நிறுவனம் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த பென்ஸ் வண்டியே இத்தீவு கண்ட முதல் மோட்டார் கார். அதனை வைத்திருந்தவர், சிங்கப்பூரின் பழைய வரலாற்றைத் தொகுத்தெழுதிய சார்ல்ஸ் பக்லி. அது எழுப்பிய ஓசையைக் கேட்ட ஊரார் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று பட்டப்பெயர் வைத்தனர். 1906இல் வேர்ன் சகோதரர்கள் கார் வாணிகம் தொடங்கினர். 1920களில் எழுந்த மலாயன் மோட்டார்ஸ் காட்சிக்கூடத்தின் கட்டடம் ஆர்ச்சர்ட் சாலையின் தொடக்கத்தில் இன்றும் நிற்கிறது. கார்கள்தாம் அங்கே இல்லை.

அக்காலக் கார் என்பது ஒரு பொருளன்று; இரு பொருள்களின் கூட்டு. கீழே இரும்பாலாகிய அடிச்சட்டம். அதன்மீது பொறியும் சக்கரங்களும். இதனைச் செய்தவர் ஒருவர். மேலே மக்கள் அமரும் கூண்டு. அதனைச் செய்தவர் வேறொருவர். ரோல்ஸ் ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் வெறும் அடிச்சட்டத்தையும் பொறியையுமே விற்றன. வாங்கியவர் தமக்கு விருப்பமான கூண்டுத்தச்சரிடம் அதனை அனுப்பி, தம் மனத்திற்கேற்ற கூண்டினைக் கட்டுவித்துக்கொண்டார். அக்கூண்டின் எலும்புக்கூடு மரம். மேலே போர்த்திய தகடு தோல் மட்டுமே. குதிரை வண்டி கட்டிய கைகளே மோட்டார் வண்டியையும் கட்டின என்பதற்குச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த சிம்ப்சன் நிறுவனம் நல்ல சான்று. 1840இல் சேணமும் சாரட்டும் செய்யத் தொடங்கிய அந்நிறுவனம், 1903இல் நீராவியால் ஓடும் காரைச் செய்து காட்டிற்று. சிங்கப்பூரில் 1920களில் ஓடிய 'கொசு பஸ்' என்னும் ஏழு இருக்கைச் சிறு வண்டிகளும் அவ்வழி வந்தவையே. ஃபோர்டு கார்களின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்ப் பட்டறைகளில் மரக்கூண்டு ஏற்றப்பட்டவை அவை.

மரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை ஹென்றி ஃபோர்டின் செயலே கூறும். தம் கார்களுக்குத் தேவையான மரத்திற்காக அவர் மிச்சிகன் மாநிலத்தில் காடுகளையே விலைக்கு வாங்கினார். அறுவைக் கழிவைக் கரியாக்கி அதனையும் விற்றார். 1914இல் டாட்ஜ் சகோதரர்களின் காருக்காகப் பட் நிறுவனம் முழுமையும் எஃகாலான கூண்டினைச் செய்யத் தொடங்கிற்று. அதன்பின் மரக்கூண்டின் காலம் மெல்ல முடிந்தது. முற்றிலும் முடிந்துவிடவில்லை, இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரத்து மார்கன் நிறுவனம் இன்றும் ஆஷ் மரச்சட்டத்தைப் பயன்படுத்துகின்றது. தமிழகத்தில் கரூரில் பேருந்துக்குக் 'கூண்டு கட்டுதல்' என்று இன்றும் சொல்கிறார்கள். எஃகும் அலுமினியமும் வந்த பின்னும் தச்சர் காலத்துச் சொல் மாறவில்லை. கூட்டு வண்டி, கூண்டு வண்டி என்று மாட்டு வண்டிக்கு வழங்கிய சொல் பேருந்துக்கு ஏறிவிட்டது.

இனி, அத்தகைய கார் ஒன்று தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பட்டறைக்கு வருவதாகக் கொள்க. வெளியிலிருந்து நோக்கினால் குறையொன்றும் தெரியாது. தகடு சற்றே நெளிந்திருக்கும், வண்ணம் மங்கியிருக்கும், அவ்வளவே. கதவைத் திறந்ததும் அது கீழே தொங்கும். அப்போதுதான் உண்மை வெளிப்படும். தகட்டின் ஓரத்தை மரத்தைச் சுற்றி மடித்து ஆணியறைவது பழைய முறை. அம்மடிப்புக்குள் மழைநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டும்போது பூஞ்சைக்கு அது விருந்தாகின்றது. ஆண்டு முழுதும் மழையும் வெப்பமும் மாறாத சிங்கப்பூரில் அவ்விருந்து ஓய்வதே இல்லை. கறையானும் பந்திக்கு வந்துவிடும். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய பழைய பசை ஈரக்காற்றில் இளகி மூட்டுகளை விட்டுவிடும். ஆகவே தகட்டை உரித்துப் பார்க்கும் தச்சருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மரமன்று. மரத்தின் வடிவில் நிற்கும் தூள். விரலால் அழுத்தினால் உதிரும்.

ஆயினும் அத்தூளைக் கூட்டியெறிந்துவிடக் கூடாது. கூண்டின் வரைபடம் எங்கும் இல்லாதபோது அழுகிய சட்டமே வரைபடம். அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் சட்டம் எவ்வளவு வளைந்திருந்தது, கதவுநிலை எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது, பின்புறத்து வளைவு எந்த ஆரத்தில் திரும்பிற்று என்பனவற்றை அது மட்டுமே அறியும். தேர்ந்த தச்சர் அதனை அப்படியே நிறுத்திவைத்து, முழு அளவில் பலகையின்மேல் கோடு கிழித்து, அச்சு வெட்டிக்கொண்ட பிறகே ஒவ்வொரு துண்டாகக் கழற்றுவார். வலப்பக்கம் அழிந்திருந்தால் இடப்பக்கத்தைப் பார்த்து எழுப்புவார். ஆனால் கையால் கட்டிய பழைய கூண்டுகளில் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விரற்கடை வேறுபாடு சாதாரணம். இடத்தைப் பார்த்து வலத்தைச் செய்யும் கணத்திலேயே தச்சர் ஊகத்திற்குள் நுழைந்துவிடுகிறார். ஊகம் நுழையும் இடத்திலிருந்தே அறவினாவும் தொடங்குகின்றது.

புதிய மரக்கூண்டு முழுமையாக எழுந்து, தகடு போர்த்தி, வண்ணம் பூசி, கார் வெளியே வருகின்றது. அடிச்சட்டம் பழையது, பொறியின் பாதி பழையது, கூண்டின் எலும்பு முழுதும் புதியது. இஃது அதே காரா?

இவ்வினாவுக்குப் பழைய ஊர் கிரேக்கம் என்பது பலர் கருத்து. ஏதென்சு நகரத்தார் தீசியசின் மரக்கலத்தைப் போற்றிக் காத்து, மக்கிய பலகையை எடுத்து எடுத்துப் புதிய பலகையை வைத்தனர் என்றும், அது அதே கலமா என்பது தத்துவ ஞானிகளுக்கு வழக்குப் பொருளாயிற்று என்றும் புளூட்டார்க் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இவ்வழக்கிற்கு ஒரு திருகல் கொடுத்தார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பூட்டி மற்றொரு கலத்தை நிறுத்தினால், இரண்டில் எது தீசியசினுடையது? தச்சர் அழுகிய துண்டுகளைச் சாக்கில் கட்டி உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது இவ்வினா வெறும் ஏட்டு வினாவாக இருப்பதில்லை.

கிரேக்கத்தை மட்டும் நாடவேண்டியதில்லை. வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசியது இந்திய மரபு. மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நிகழ்ந்த உரையாடலில், மன்னன் ஏறிவந்த தேரைச் சுட்டித் துறவி வினவுகிறார்: ஏர்க்கால் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? இவற்றின் தொகுதி தேரா? இவற்றிற்குப் புறம்பாக வேறொன்று தேரா? ஒன்றும் அன்று என்று மன்னன் ஒப்ப, உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்ற முடிவு பெறப்படுகின்றது. நையாயிகர் இதனை ஏலார். அவர்கள் கருத்துப்படி உறுப்புகளின் வேறாக முழுமை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அவர்கள் கொள்கையில் வேறொரு கடுமை இருக்கின்றது: துணியிலிருந்து ஓர் இழையை உருவினாலும் பழைய துணி அழிந்து புதிய துணி பிறந்ததாகவே கொள்ளவேண்டும். இக்கணக்கின்படி ஓர் ஆணி மாற்றினாலும் கார் வேறுகார். நாகசேனரின் வழியில் சென்றால் எந்தக் காருக்கும் தான் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை; நையாயிகர் வழியில் சென்றால் எந்தக் காரும் ஒருநாளுக்குமேல் தானாக இருப்பதில்லை. பட்டறையில் நிற்பவருக்கு இரண்டும் உதவுவதாயில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வழக்கு உண்மையாகவே நீதிமன்றம் ஏறியது 1990இல். இங்கிலாந்தில் பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பந்தயக் கார் 1929இலும் 1930இலும் பிரான்சு நாட்டு லெமான் பந்தயத்தில் வென்றது. அடுத்தடுத்த பந்தயங்களுக்காக அதன் உறுப்புகள் மாற்றப்பட்டுக்கொண்டே வந்தன. 1932இல் வேறு பெரிய பொறியுடன் புரூக்லேண்ட்சு ஓடுதளத்தில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் அது மூடிய கூண்டு கட்டப்பட்டு மறுவடிவம் பெற்றது. பல்லாண்டு கழித்து அதனைப் பல மில்லியன் பவுனுக்கு வாங்க இசைந்த நிறுவனம், "இது அந்தக் கார் அன்று" என்று கூறிப் பின்வாங்கியது. வழக்கை ஆய்ந்த நீதிபதி ஆட்டன், லெமானில் ஓடிய காரின் உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருப்பதை மறுக்கவில்லை. ஆயினும் மாற்றங்கள் சிறிது சிறிதாக, நெடுங்காலத்தில், காரின் வாழ்வோடு வாழ்வாகக் கலந்து நிகழ்ந்தமையால், எந்தக் கட்டத்திலும் அது தன் அடையாளத்தை இழந்துவிடவில்லை என்று கண்டார். தொடர்ச்சியான வரலாறு உடைமையால் அதுவே அது என்பது தீர்ப்பு. வாங்குவோர் பணம் செலுத்தும்படி ஆயிற்று.

இத்தீர்ப்பு நாகசேனரையும் நையாயிகரையும் ஒருசேரத் தாண்டுகின்றது. ஒன்று அதுவாக இருப்பது அதன் பொருளால் அன்று; அதன் வரலாற்றால் என்கின்றது. மனித உடலுக்கும் இது பொருந்தும். குழந்தையின் உடலும் முதியவரின் உடலும் பொருளால் வேறு. ஆயினும் ஒருவர் தம் பள்ளிப் பருவத்துக் கடனை, "அவன் வேறொருவன்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க இயலாது. எனினும் தீர்ப்பில் ஒரு நிபந்தனை உள்ளடங்கியிருப்பதைக் கவனிக்கவேண்டும். சிறிது சிறிதாக என்பதே அது. பட்டறையில் நடப்பதோ சிறிது சிறிதாக நடப்பதன்று. ஆறு திங்களிலோ ஓராண்டிலோ மரம் முழுதும் ஒரே வீச்சில் மாறிவிடுகின்றது. மெல்ல மூப்பெய்துவது வேறு. கூடுவிட்டுக் கூடு பாய்வது வேறு. பின்னதற்கு அத்தீர்ப்பு நேரே விடைதரவில்லை.

தமிழர்க்கு இதில் திகைப்பு ஏற்பட வேண்டியதில்லை என்று தோன்றும். திருவாரூர் ஆழித்தேர் 1920களில் தீக்கிரையாயிற்று. 1930இல் புதிய தேர் ஓடியது. பின்னர்த் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் தடைக்கருவியும் செய்தளித்தது. நாயன்மார் பாடிய தேரின் ஒரு சிராய்கூட இன்று இல்லை. இருந்தும் அது ஆழித்தேரே. வடம் பிடிக்கும் பல்லாயிரவருள் எவருக்கும் அதில் ஐயமில்லை. டோபி காட்டிலிருந்து நடந்தே செல்லும் தொலைவிலுள்ள டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலும் அவ்வாறே. நகரத்தார் 1859இல் அமைத்த கோயில் அது. பழைய கட்டடம் அகற்றப்பட்டு 1983இல் புதிய கட்டடம் எழுந்தது. தைப்பூசத்திற்கு முதல்நாள் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் புறப்படுகின்றது. அடியார்க்கு அது அதே கோயில். ஏனெனில் அங்கே தொடர்வது செங்கல்லன்று, வழிபாடு. தேரின் தொடர்ச்சியும் மரத்தில் இல்லை; ஓட்டத்தில் இருக்கின்றது.

இவ்வெடுத்துக்காட்டைக் காருக்கும் நீட்டி, "ஓடினால் போதும், அதே கார்தான்" என்று முடித்துவிடலாமே எனின், அங்கேதான் ஒரு வேறுபாடு குறுக்கிடுகின்றது. புதிய தேரைச் செய்தவர் எவரும் இது சோழர் காலத்து மரம் என்று சொல்லவில்லை. 1983இல் கட்டிய கோபுரத்தை எவரும் 1859ஆம் ஆண்டினது என்று விற்கவில்லை. பழங்காரோ விற்கப்படுகின்றது, அதன் பழமைக்காகவே விலை ஏறுகின்றது. அது வழிபாட்டுப் பொருளாக மட்டும் இல்லாமல் சான்றுப் பொருளாகவும் நிற்கின்றது. "1920களில் ஒரு கூண்டுத்தச்சர் இப்படித்தான் மூட்டினார், இப்படித்தான் வளைத்தார்" என்று அது சாட்சி சொல்கின்றது. சாட்சியின் உடல் மாறிவிட்டது என்பதனால் மட்டும் சாட்சியம் பொய்யாவதில்லை. கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் பிரிக்காமல் ஒன்றாகச் சொல்லும்போதுதான் பொய்யாகின்றது.

தமிழில் மெய் என்னும் ஒரே சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் உயிர், மெய், உயிர்மெய் என்று நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறார். மெய்யெழுத்து அகரத்தின் துணையின்றி இயங்காது என்பதையும் சொல்கிறார். அச்சொல் இரு பொருள் தாங்கி நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் கூண்டுத்தச்சரின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் வேறெந்த மொழியிலும் எளிதில் கிட்டாது. அவர் ஒரு மெய்யைச் செய்து தருகிறார். மற்றை மெய்யை என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

டோபி காட்டில் இதற்கு மாறான வடிவமும் கண்முன் நிற்கின்றது. 1939இல் எழுந்த கேத்தே கட்டடம் 2003இல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் முகப்பு மட்டுமே காக்கப்பட்டு, பின்னுடல் இடித்துப் புதிதாக்கப்பட்டு, 2006இல் திறக்கப்பட்டது. அங்கே தோல் பழையது, எலும்பு புதியது. மரக்கூண்டுக் காரிலும் பல வேளைகளில் அவ்வாறே பழைய தகட்டை நேராக்கிப் புதிய மரத்தின்மேல் போர்த்துவர். ஆனால் கேத்தேயைக் காண்பவர் அண்ணாந்து பார்த்தாலே பழையது எதுவரை, புதியது எங்கிருந்து என்பது புலனாகும். கண்ணாடியும் கல்லும் தாமே சொல்லிவிடும். காரிலோ தகடு மூடியபின் மரம் எதுவும் சொல்லாது. மறைவான வேலையில்தான் நேர்மைக்கு வேலை மிகுதி.

இனிப் பட்டறையின் நடைமுறைச் சிக்கல்களை நோக்கலாம். முதற்சிக்கல் மரம். இங்கிலாந்தில் செய்த கூண்டு பெரும்பாலும் ஆஷ். நீண்ட நாரும் துள்ளும் தன்மையும் உடைய மரம் அது, திருகாணியை நன்கு பற்றும், நீராவியில் வளையும். ஆனால் ஈரத்தையும் பூச்சியையும் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சிங்கப்பூரில் ஆஷ் மரத்திலேயே மீண்டும் கட்டினால் அது மீண்டும் மக்கும். தேக்கில் கட்டினால் நீடித்திருக்கும். ஆனால் அது முதல் தச்சர் தேர்ந்த மரம் அன்று. வெப்ப நாடுகளுக்கென்று கூண்டு கட்டுவித்த அக்கால உரிமையாளர் சிலர் தேக்கைக் கேட்டு வாங்கியதுண்டு; ஆகவே தேக்கு என்பது முற்றிலும் அயலானதும் அன்று. மூலத்திற்கு உண்மையாயிருப்பது என்றால் மூலத்தின் பொருளுக்கா, மூலத்தின் நோக்கத்திற்கா? முதல் தச்சர் காருக்கு நீண்ட வாழ்வையே விரும்பினார் என்பதில் ஐயமில்லை. அவர் சிங்கப்பூரில் இருந்திருந்தால் தேக்கையே எடுத்திருப்பார் என்று வாதிடலாம். அவர் சிங்கப்பூரில் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இன்று இச்சிக்கலில் வேறு முடிச்சுகளும் விழுந்துள்ளன. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று அழித்து வருகின்றது. 1990களில் போலந்தில் முதலில் தென்பட்ட அந்நோய் 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. தேக்கு என்றாலோ மியன்மார் நினைவுக்கு வரும். 2021ஆம் ஆண்டு இராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அந்நாட்டு அரசு மரநிறுவனத்தின்மீது மேலைநாடுகள் தடை விதித்தன. பழமைக்கு உண்மையாயிருக்க விரும்பும் ஒருவர் தம் காலத்துக் காட்டுக்கும் காட்டோரத்து மக்களுக்கும் கடன்பட்டவராதலால், மரக்கடைச் சீட்டைப் படிப்பதும் அவர் வேலையின் பகுதியாகிவிட்டது. இக்கடமை முதல் தச்சருக்கு இருந்ததில்லை.

இரண்டாவது சிக்கல் வலிமை. 1920களின் அடிச்சட்டம் விறைப்பானதன்று. சாலை மேடுபள்ளத்தில் அது முறுகும். அதன்மீதுள்ள மரக்கூண்டும் உடன் முறுகியாகவேண்டும். அதனால்தான் அடிச்சட்டத்திற்கும் கூண்டுக்கும் இடையே தோலோ கம்பளித் துண்டோ ரப்பரோ வைத்துப் பூட்டினர். வெய்மன் முறையில் இன்னும் ஒரு படி மேலே சென்று, மரமும் மரமும் தொடாதவாறு இடையில் உலோகத் தகடுகளை வைத்து மூட்டினர். உராய்வு இல்லையாதலால் ஓசையும் இல்லை. இன்றைய தச்சரிடம் எபாக்சிப் பசை இருக்கின்றது. கழுந்தும் துளையும் பிரிக்கவொண்ணாதபடி அதனைக் கொண்டு ஒட்டிவிடலாம். அவ்வாறு ஒட்டிய கூண்டு பழையதைவிட வலிமையானது. ஆனால் நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ மறுப்பதால் அதன் தகட்டில் வெடிப்பு விழலாம். மேலும், பழைய பசை வெந்நீரிலும் ஆவியிலும் விட்டுக்கொடுக்கும். அடுத்த தலைமுறைத் தச்சர் ஒரு துண்டை மட்டும் கழற்றி மாற்ற இயலும். எபாக்சியால் ஒட்டியதைக் கழற்ற வாளால் அறுக்கவேண்டும். பின்வருபவன் திருத்தவே இயலாதபடி ஒன்றைச் செய்துவைப்பது, அவ்வேலை எவ்வளவு சிறந்ததாயினும், ஒருவகைச் செருக்கே.

மூன்றாவது, பிழை. பழைய கூண்டில் மூட்டு ஒன்று தவறான இடத்தில் இருக்கின்றது. அதனாலேயே அங்கு நீர் தேங்கி அழுகியது. புதிதாகச் செய்பவர் அப்பிழையையும் படியெடுக்க வேண்டுமா? ஏடு படியெடுத்தோர் அறிந்த சிக்கல் இது. மூலத்திலுள்ள பிழை தோன்றும் பாடத்தை அப்படியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்பதில் பதிப்பாசிரியர் இரு கட்சியினராய்ப் பிரிந்து நின்றனர். பொறுப்புள்ள பதிப்பாசிரியர் கண்ட வழி, பாடத்தைத் திருத்தினாலும் ஏட்டில் இருந்ததை அடிக்குறிப்பில் காட்டுவது. பாடவேறுபாடு காட்டாத பதிப்பு எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும் ஆய்வாளர்க்குப் பயன்படாது. உ.வே.சா. போன்றோர் குறிப்பெழுதிய உழைப்பை மதிக்கும் தமிழாசிரியர் எவரும் இதனை எளிதில் உணர்வர். மரக்கூண்டுக்கும் அடிக்குறிப்பு வேண்டும்.

அவ்வடிக்குறிப்பை எழுதும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது. பழைய வண்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், காத்தலையும் புதுப்பித்தலையும் வேறுபடுத்திப் பேசுகின்றது. செய்த மாற்றங்களைப் பதிவு செய்யவும், மாற்றிய உறுப்புகளை எளிய நிலையான குறியால் அடையாளப்படுத்தவும் அறிவுறுத்துகின்றது. கட்டடக் காப்புக்கென 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் பிள்ளை என்று இதனைக் கூறலாம். சட்டமோ இவ்வளவு நுணுகிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் 1940க்கு முன் செய்யப்பட்ட கார்களுக்கென்று தனிவகை உண்டு. ஆண்டில் குறித்த சில நாட்கள் மட்டும் அவற்றைச் சாலையில் ஓட்டலாம். அடிச்சட்டத்தின் எண்ணும் செய்த ஆண்டும் சரியாயிருந்தால் அலுவலகத்திற்கு அது அதே கார். அலுவலகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஏட்டில் எழுதுவதற்கு அதற்கு ஓர் எண் வேண்டும், தத்துவம் வேண்டியதில்லை.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று கேட்பாரும் உளர். தாத்தா ஓட்டிய காரைப் பேரன் ஓட்டிப் பார்க்க விரும்புகிறான்; அவனுக்கு மகிழ்ச்சி, பட்டறைக்குக் கூலி, ஊராருக்குக் காட்சி; இதில் சாசனமும் சாட்சியமும் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கின்றது. விற்கவும் எண்ணாமல், வரலாறு பேசவும் எண்ணாமல், அன்பினால் மட்டும் ஒருவர் காரைப் புதுப்பித்தால் அவரிடம் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் மரம் மனிதரைவிட நீண்டநாள் வாழ்வது. பேரனுக்குப் பின் அக்கார் வேறொருவர் கைக்குப் போகும். அவருக்கு அன்பின் கதை தெரியாது; கண்முன் நிற்கும் கூண்டு மட்டுமே தெரியும். அவர் அதனைப் பழைய மரம் என்று நம்பி, அதைக் கொண்டு வேறொரு காரைத் திருத்துவார். ஒரு தச்சரின் ஊகம் அடுத்தவருக்கு ஆதாரமாகிவிடும். பொய் சொல்லும் எண்ணம் ஒருவருக்குமில்லாமலே பொய் பரவும் வழி இது. கல்வெட்டிலும் வரலாற்றிலும் இவ்வாறு புகுந்த ஊகங்களை அகற்றப் பின்வந்தோர் பட்ட பாடு சிறிதன்று.

ஆகவே தகடு போர்த்துமுன் நல்ல பட்டறையில் ஒரு சிறு வேலை நடக்கின்றது. இழைப்புளி ஓய்ந்து, உளியும் கொட்டாப்புளியும் பெட்டிக்குள் போனபின், தச்சர் கூண்டைச் சுற்றி ஒருமுறை வருகிறார். பழைய மரத்தில் எஞ்சிய துண்டு எங்கேனும் பொருந்தியிருந்தால் அதனை விட்டுவிட்டு, புதிய துண்டு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மரத்தின் பெயரையும் ஆண்டையும் பொறிக்கிறார். அழுகியதைப் பார்த்துச் செய்த துண்டுக்கு ஒரு குறி. எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ஊகித்த துண்டுக்கு வேறு குறி. மூட்டை இடம் மாற்றியிருந்தால் பழைய இடத்தை ஒரு கோட்டால் காட்டுகிறார். பழைய கூண்டுத்தச்சரும் தம் வேலை எண்ணை மரத்தில் எழுதிவைத்ததுண்டு. அவ்வெண்ணிருந்த துண்டு மக்கிப்போயிருந்தால் அதனை மட்டும் துணியில் சுற்றி உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறார். புதிய மரத்தில் அந்த எண்ணை அவர் எழுதுவதில்லை. அதன்பின் தகடு ஏறுகின்றது. ஆணிகள் இறங்குகின்றன. எழுதியது எதுவும் இனி வெளியே தெரியாது. இனியொருமுறை மழை உட்புகுந்து, கதவு தொங்கி, வேறொரு தச்சர் தகட்டை உரிக்கும் நாள்வரை.